ஆலங்காட்டின் பழைய இசைக்குழு

திருவள்ளூரைத் தாண்டி அரக்கோணம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்குதான். இத்தலத்துக்குக் காரைக்கால் அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒரு முழு இசைக்குழுவே இருக்கிறது. வீணை, தாளம், மத்தளம், துந்துபி, தக்கை, மொந்தை, குடமுழா... போதாததற்கு ஏழிசையின் பெயர்களும்!

இவற்றில் பலவற்றை இன்று கேட்பதே அபூர்வம். அவற்றில் குடமுழா அரிதாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. பெரிய வெண்கலக் குடம். தோல் போர்த்திய ஐந்து வாய்கள். நடுவில் ஒன்று, சுற்றிலும் நான்கு. வாய்க்கு வாய் நாதம் வேறு. திருவாரூர் தியாகராசர் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் என்ற பெயரில் இன்றும் முழங்குகிறது. அந்தப் பக்கம் போகும் நேயர்களே, வாசிக்கும் நேரத்தை விசாரித்து, அவசியம் நின்று கேளுங்கள்.