ஓடக்காரனுக்குச் சில்லறை

முப்பத்தைந்து வருடம் வங்கியில் காசாளராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் காசை விட மனமில்லை. பழைய நாணயங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். போன மாதம் ஓர் ஏலப் பட்டியலில், தும்பிச் சிறகு போல மெலிந்த பொன்தகடு ஒன்றின் படம் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் அச்சு. பெயர் 'தனாக்கே'. கிரேக்கக் கல்லறையில் பிணத்தோடு வைத்தது என்று குறிப்பு. பொருளாதார நூல்களில் காணாத பெயர் என்பதால் விடவில்லை.

பிணத்தின் வாயில் காசு வைக்கும் கிரேக்க வழக்கம் பலர் கேள்விப்பட்டதுதான். பாதாள ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரன் கேரோனுக்கு அது கூலி. ஏன் வாயில்? ஏதென்ஸ்காரர்கள் உயிரோடிருக்கும்போதே சில்லறையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் சந்தைக்குப் போனார்கள். அவர்களுடைய வெள்ளி ஒபோல் முக்கால் கிராம்கூடத் தேறாது; கைதவறி விழுந்தால் தேடியெடுக்க முடியாது. கேரோனுக்கும் வழக்கமாக ஓர் ஒபோல்தான். கி.மு. 405இல் அரங்கேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோபனிஸ் அதை இரண்டாக உயர்த்திக் கேலி செய்தார்.

அந்தக் கூலிக்கு எப்படித் 'தனாக்கே' என்று இன்னொரு பெயர் வந்தது? பைசாந்தியக் காலத்து அகராதியொன்று சொல்வது: 'தனோஸ்' என்றால் வறண்டது, செத்தவர்கள் ஈரம் வற்றிப் போனவர்கள், ஆகவே அவர்கள் காசு தனாக்கே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊர்ப்பெயருக்குக் கதை கட்டுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

அதற்கு முந்தைய அகராதிக்காரர்கள் கணக்குப்பிள்ளை போலப் பேசுகிறார்கள்: அது அந்நியக் காசு, ஒபோலைவிடச் சற்றே மதிப்பு கூடியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பொலக்ஸ் அதைப் பாரசீகக் காசு என்கிறார். அங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. பாரசீகத்தில் 'தானா' என்றால் தானிய மணி. நம் தட்டார்கள் குன்றிமணியால் பொன் நிறுத்தது போல, மணியின் பெயர் எடைக்கும், எடையின் பெயர் காசுக்கும் வந்திருக்கிறது. வடமொழி வழி நம்மிடம் வந்த 'தானியம்' இதற்கு உறவுக்காரச் சொல். அரபியரின் 'தானிக்' என்னும் சிறு காசும் அப்படித்தான். திர்ஹமில் ஆறில் ஒரு பங்கு. ஒபோலும் திராக்மாவில் ஆறில் ஒரு பங்கு. திர்ஹம் என்ற பெயரே திராக்மாவிலிருந்து வந்தது.

செத்தவர் வாயில் தானிய மணி என்றதும் வாய்க்கரிசி நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டால் நானும் 'வறண்டவர்' அகராதிக்காரருக்குக் கூட்டாளியாகிவிடுவேன்.

ஆக, சொல்லுக்குள் சாவு இல்லை. வெறும் சில்லறைதான் இருக்கிறது. அந்நியச் சில்லறை ஏன் பிணத்துக்குப் போயிற்று? காசாளன் புத்திக்கு ஒன்று தோன்றுகிறது, ஊகம்தான்: கோயில் உண்டியல் பணத்தை எண்ணியவனுக்குத் தெரியும், கடையில் செல்லாத காசெல்லாம் கடைசியில் எங்கே வந்து விழும் என்று. பொன்தகடும் அந்த வகைதான். பார்வைக்குக் காசு, கடைக்காரன் வாங்கமாட்டான்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க எழுத்தாளர் லூசியனும் காசு செல்லுமா என்று கேட்டுவிட்டார். பாதாளத்தில் ஏதென்ஸ் ஒபோல் செல்லுமா, மாசிடோனியாவுடையது செல்லுமா என்று விசாரிக்காமலே வாயில் வைக்கிறார்களே என்று சிரித்தார். கையில் கூலியே இல்லாவிட்டால் கேரோன் ஏற்றமாட்டான், திரும்ப உயிரோடு வீட்டுக்கு வந்துவிடலாமே என்றும் கேட்டார்.