உப்பில் தீராத ஆசை

தீவகத்து வெயிலில் தோல் கறுப்பது புதினமல்ல. வெயிலே படாத முரசும் உள்ளங்கை ரேகையும் கறுத்தால்? கூடவே களைப்பு, மெலிவு, தலைச்சுற்று, உப்பில் தீராத ஆசை என்றால், சிறுநீரகத்தின் மேலே தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைச் சந்தேகிக்கலாம்.

லண்டன் கைஸ் வைத்தியசாலையில் பல ஆண்டுகள் பணியாற்றிய தோமஸ் அடிசன், 11 நோயாளரை ஆராய்ந்து 1855இல் இந்நோயைப் பற்றி நூல் எழுதினார். ஹார்மோன் என்றால் என்னவென்று எவரும் அறியாத காலம்! பலருக்குச் சுரப்பியை அழித்தது காசநோய். நோயைக் கண்டவரிடம் மருந்து இல்லை; அச்சுரப்பியின் ஹார்மோனான கோட்டிசோன் பற்றிய ஆய்வுக்கு நோபல் பரிசு கிடைத்ததே 1950இல்தான்.

இன்று அந்த ஹார்மோன் குறையை ஈடுசெய்யக் குளிசை உண்டு. ஆனால் ஒருநாளும் திடீரென நிறுத்தக்கூடாது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறுபவர்கள் சில நாளுக்கு மேலதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள். காற்றுக் கிளம்பினால் படகு ஓடாது.