இரண்டு சாக்ஸபோன்கள்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில் காதில் ஹெட்போன் மாட்டியிருக்கும் நேயர்களே, உங்களுக்காக ஓர் இசைத்தொகுப்பு: 'கின்ஸ்மென்'. 2008-இல் வெளிவந்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் நம் கர்நாடக இசைக் கலைஞர் கத்ரி கோபால்நாத்தும் ஆளுக்கொரு ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறார்கள். கூடவே அ. கன்யாகுமாரியின் வயலின், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், கிடார், பேஸ், டிரம்ஸ்.

ரசிகர்கள் இதைக் கொண்டாடக் காரணம், கச்சேரி மேடைக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பது போன்ற அந்த உயிர்ப்புதான். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கிறார், தாளம் சூடேறிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒரே வாத்தியம். யார் வாசிப்பது என்று எப்படித் தெரியும்? ஸ்வரம் வழுக்கி, கமகம் அசைந்து வந்தால் அது கோபால்நாத். சாவிகளை அழுத்தி வாசிக்கும் கருவியில் கமகம் எளிதில் பேசாது. அதற்காகவே தம் சாக்ஸபோனில் சில மாற்றங்கள் செய்துகொண்டார் அவர்.

மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் ஒலியைக் கேட்டு மயங்கியவர், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டவர். 1994-இல் 'டூயட்' படத்தில் நம்மையெல்லாம் உருக வைத்த சாக்ஸபோனும் இவருடையதுதான். படத்தில் கேட்டு ரசித்தவர்கள், 'கின்ஸ்மென்' தொகுப்பையும் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.