கழுத்துக் கட்டியும் மெல்லிய ஊசியும்

மூச்சுக்குழலின் முன்புறத்தை இரு மடல்களாகத் தழுவி நிற்கும் தைராய்டு சுரப்பியில் ஒரு கட்டி தோன்றி, எச்சில் விழுங்குகையில் அது ஏறி இறங்குவதைக் கண்ணாடியில் காண்பவருக்கு முதலில் எழுவது புற்றுநோய்ப் பயமே. ஆயினும் இத்தகைய கட்டிகள் 100-ல் ஏறக்குறைய 90 அபாயமற்றவை.

பரிசோதனை ரத்தத்தில் தொடங்குகிறது. பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். குறைந்திருந்தால், கதிரியக்க அயோடினையோ டெக்னீஷியத்தையோ செலுத்திப் படமெடுப்பார்கள். அதனை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும் கட்டியில் புற்று அபூர்வமாதலால், பெரும்பாலும் அங்கே ஊசிக்கு அவசியமில்லை. ஆனால் ஹார்மோன் அளவு சரியாயிருக்கிறது என்று திருப்தியடைந்துவிடலாகாது. தைராய்டுப் புற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது சரியாகவே இருக்கும். அடுத்து அல்ட்ராசவுண்டு ஸ்கேன்: கெட்டியான கட்டி, ஒழுங்கற்ற விளிம்பு, அகலத்தை மிஞ்சிய உயரம், உள்ளே நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஆகிய லட்சணங்கள் சந்தேகத்தை வளர்க்கின்றன.

அப்போதுதான் ஊசி வருகிறது. ஸ்கேன் திரையைப் பார்த்தவாறே, ரத்தம் எடுக்கும் ஊசியினும் மெல்லிய ஊசியொன்றைக் கட்டிக்குள் செலுத்திச் சில முறை முன்னும் பின்னும் அசைத்து, அதில் ஏறிய துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், பாப்பிலரி என்னும் வகைப் புற்றாயின், உயிரணுக்களின் உட்கருக்கள் பருத்து ஒன்றன்மேலொன்று நெருங்கியிருப்பதும், காப்பிக்கொட்டையின் நடுக்கோடு போன்ற பள்ளம் அவற்றில் நீளவாக்கில் ஓடுவதும், பயிற்சி பெற்ற கண்ணுக்கு ஐயமறப் புலப்படும். சில துளி திரவத்திலிருந்து இவ்வளவு பெரிய உண்மையை வாசித்தறிவதை வைத்திய சாஸ்திரத்தின் உன்னத சாதனைகளுள் ஒன்றென்றே கருதுகிறேன்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஃபாலிகுலர் வகைக் கட்டி புற்றா அன்றா என்பதை நிர்ணயிப்பது அணுக்களின் தோற்றமன்று. அவை கட்டியைச் சூழ்ந்த உறையையோ ரத்த நாளத்தையோ துளைத்துச் சென்றிருக்கின்றனவா என்பதே. உதிர்ந்து வந்த அணுக்களில் உறையைக் காண்பது எங்ஙனம்? ஆகவேதான், 2007-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடிய நிபுணர்களின் ஆலோசனையில் உருவாகி இன்று உலகெங்கும் ஊசிப் பரிசோதனை முடிவுகளுக்கு வழங்கும் ஆறு பிரிவுகளில், நான்காவது இத்தகைய கட்டிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதில் அகப்பட்டவர்களுள் பலருக்கு, கட்டியுள்ள மடலை அகற்றி, உறையோடு சேர்த்துச் சோதித்த பிறகே விடை கிடைக்கிறது.

ஊசி பட்டால் கட்டி புற்றாகிவிடும் என்றும், இருக்கும் புற்று பரவிவிடும் என்றும் நம்மிடையே ஒரு பயம் நிலவுகிறது. ஊசியால் கட்டி புற்றாவதில்லை. ஊசி சென்ற வழியே புற்று பரவுவதும் மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.