முதியவர் கீழே விழுந்தால்: அவசர சிகிச்சைப் பிரிவில் நீங்கள் சொல்ல வேண்டியவை

மழைக்காலத்தில் பாசி படர்ந்த கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்த முதியவர், எழுந்து அமர்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று கூறலாம். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். இளைஞருக்குச் சிராய்ப்போடு முடியும் விழுகை, 65 வயதைக் கடந்தவருக்கு இடுப்பு எலும்பு முறிவையோ மூளையைச் சுற்றி இரத்தக் கசிவையோ ஏற்படுத்தக்கூடும்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நீங்கள் அழைத்துச் செல்லலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகள் பாதிப்பின் தீவிரத்திற்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தப்படுகின்றனர். முதியோரிடம் இந்த முதற்கணிப்பு கடினமானது. உள்ளே இரத்தம் கசிந்தால் நாடித்துடிப்பு உயர வேண்டும். ஆனால் அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் அதை உயரவிடாமல் தடுக்கின்றன. வழக்கமாக 150 இரத்த அழுத்தம் உள்ளவருக்கு 110 என்பது ‘இயல்பு’ அன்று, எச்சரிக்கை. இவ்விவரங்கள் உங்களுக்குத்தான் தெரியும்.

எனவே மாத்திரை அட்டைகள் அனைத்தையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் ஆகியவற்றில் எதையேனும் உட்கொள்பவர் என்றால், கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லுங்கள். விழுவதற்கு முன் தலைச்சுற்றலோ மயக்கமோ இருந்ததா, தலை மோதியதா, எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்பவையும் முக்கியம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசினால், அதை ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்காதீர்கள். பிள்ளைகளுக்குச் சிரமம் தரக்கூடாது என்று வலியைக் குறைத்துச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே ஏராளம்.

ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். நிற்க வைக்காதீர்கள்; எண்ணெய் தேய்த்து உருவிவிடவும் வேண்டாம். அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே வலியால் காலை ஊன்ற முடியவில்லை எனில் மருத்துவரிடம் மீண்டும் வலியுறுத்துங்கள்.

வயதாகும்போது மூளை சற்றே சுருங்குவதால், அதன் மேலுள்ள சிறு இரத்தநாளங்கள் இழுபட்டு எளிதில் கிழிகின்றன. கசிவு மெதுவாக இருந்தால் அறிகுறிகள் சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம். வீடு திரும்பிய பின் தலைவலி அதிகரித்தல், வாந்தி, மிகுந்த தூக்கம், நடையில் தள்ளாட்டம், ஒருபக்கப் பலவீனம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். முன்பு விழுந்ததையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.