நடைபாதை யாருக்கு உரியது?



பூநகரி வாடியடிச் சந்தியில் காலை ஏழு மணியளவில் சற்று நின்று பாருங்கள். வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் சைக்கிளில் பாடசாலைக்குப் போவார்கள். கரியரில் மீன் பெட்டி கட்டிய வியாபாரி ஒருவர் அவசரமாக மிதித்துச் செல்வார். மண்வெட்டியைச் சைக்கிளில் சேர்த்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் முதியவரையும் காண்பீர்கள். அதே வீதியில்தான் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் இடையே ஓடும் பஸ்களும், லொறிகளும், டிப்பர்களும் விரைகின்றன.

பின்னால் ஒரு லொறியின் ஹோர்ண் சத்தம் கேட்டதும் சைக்கிளில் போகிறவர் என்ன செய்கிறார்? தாரை விட்டு மண் ஓரத்தில் இறங்குகிறார். கடைத்தெருவாக இருந்தால் கடைகளுக்கு முன்னால் மக்கள் நடக்கும் இடத்தில் ஏறி ஓட்டுகிறார். "உயிர் தப்பினால் போதும்" என்பது அவரது நியாயம். "நாங்கள் எங்கே நடப்பது?" என்பது அங்கே கையில் பிள்ளையுடன் நடந்து வரும் தாயின் கேள்வி. இரண்டுமே நியாயமாகத் தோன்றுகின்றன அல்லவா? அப்படியானால் வீதி பயம் தரும்போது சைக்கிள்காரர் நடைபாதையில் ஓட்டலாமா, கூடாதா? சிறிய விடயம் என்று ஒதுக்கிவிடாமல் இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

பயத்துக்குக் காரணம் உண்டு

ஒரு காலத்தில் பூநகரி, வீதி வந்து முடிகிற ஊராக இருந்தது. சங்குப்பிட்டியில் கடனீரேரி குறுக்கிட்டது. அக்கரையிலுள்ள கேரதீவுக்குப் போகப் 'பாதை' ஏற வேண்டும். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் நம் நாட்டில் 'பாதை' என்கிறோம். பாதைக்காகக் காத்திருக்கும் ஊரில் வேகத்துக்கு இடமில்லை.

பின்னர் யுத்தம் வந்தது. 1990களில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எரிபொருள் வருவது தடுக்கப்பட்டபோது சைக்கிளே மக்களின் வாகனமாயிற்று. விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளிலேயே ஏறினர். மின்சாரம் இல்லாத வீடுகளில் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அன்றைய வீதிகள் குண்டும் குழியுமாக இருந்தன. ஆனால் அந்தக் குழிகளே வாகனத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தின.

யுத்தம் 2009இல் முடிந்தது. 2011 ஜனவரி 16ஆம் திகதி 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போகிறவர்கள் ஆனையிறவைச் சுற்ற வேண்டிய தேவை நீங்கியது. ஏ-32 வீதி காபட் வீதியாயிற்று. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. நோயாளியும் மாணவரும் விவசாயியும் அதனால் பயனடைகிறார்கள். ஆனால் முன்பு ஊருக்கு வந்தவர்கள் மட்டும் பயன்படுத்திய வீதியில், இன்று ஊரைக் கடந்து போகிறவர்களும் விரைகிறார்கள். வீதி மாறிய அளவுக்கு அதில் செல்லும் ஏழையின் வாகனம் மாறவில்லை. 2022இல் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகளில் நின்றபோது, நாடு முழுவதுமே மீண்டும் சைக்கிளைத் தேடியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

பூநகரிக்கே உரிய இன்னொரு கஷ்டமும் உண்டு. அது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் வெளியான தரவையிலும் கடலேரி ஓரத்திலும் சைக்கிள் ஓட்டுவது காற்றோடு மல்லுக்கட்டுவதாகும். பக்கக் காற்றுக்கு ஈடுகொடுத்துச் சாய்ந்து ஓட்டுகிறவரை ஒரு லொறி முந்தும்போது, லொறி காற்றை ஒரு கணம் மறைக்கிறது. மறுகணம் காற்று மீண்டும் தாக்குகிறது. அந்த இரு கணங்களில் சைக்கிள் தடுமாறுகிறது. இதை ஓட்டியவர்கள் அறிவார்கள். ஆகவே பயப்படுகிறவரைக் கோழை என்று சொல்ல முடியாது.

ஓரத்தில் இருப்பவர் யார்?

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். நடந்து செல்வோர் யார்? வைத்தியசாலைக்குப் போகும் கர்ப்பிணி, கண் மங்கிய மூதாட்டி, காது கேளாத முதியவர், ஊன்றுகோலில் நடக்கும் யுத்தத்தில் காலிழந்த சகோதரர், தாயின் கையை உதறிவிட்டு ஓடும் குழந்தை. சைக்கிள் கூட வாங்கவோ ஓட்டவோ முடியாதவர்கள்தான் பெரும்பாலும் நடக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் போகிறார். அதாவது ஒரு விநாடிக்கு ஒன்றரை மீற்றர் கூட இல்லை. சாதாரணமாக மிதிக்கும் சைக்கிள் மணிக்கு 15 கிலோமீற்றர், விநாடிக்கு 4 மீற்றர். 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 19 மீற்றரைக் கடந்துவிடும். சைக்கிள்காரருக்கு லொறி எப்படியோ, நடக்கும் மூதாட்டிக்குச் சைக்கிள் அப்படி. ஆளும் சைக்கிளும் சேர்ந்தால் எண்பது கிலோவுக்குக் குறையாது. அது சத்தமில்லாமல் பின்னாலிருந்து வந்து இடித்தால், வயதானவரின் இடுப்பெலும்பு முறிவதற்கு அது போதும். நம் பயத்தை நம்மிலும் பலவீனமானவரின் தலையில் இறக்கிவைப்பது தீர்வாகுமா?

பிற நாடுகள் கண்ட வழி

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. பல நாடுகள் இதில் தடுமாறி வெவ்வேறு முடிவுகளுக்கு வந்திருக்கின்றன.

இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், நடைபாதையில் வண்டி ஓட்டுவதைத் தடை செய்கிறது. சைக்கிளும் ஒரு வண்டியே என்று 1888இல் சட்டம் வகுத்தார்கள். 1999 ஆகஸ்ட்டில் இக்குற்றத்துக்கு உடனடித் தண்டப்பணம் கொண்டுவரப்பட்டது. அப்போது உள்துறை இராஜாங்க அமைச்சராக இருந்த போல் போட்டெங் ஒரு விளக்கமும் கொடுத்தார். வாகனங்களுக்கு அஞ்சிச் சில வேளை நடைபாதையில் ஏறி, நடப்போருக்கு மதிப்பளித்து ஓட்டுகிறவர்களைப் பிடிப்பது நோக்கமல்ல, பொலிஸார் விவேகத்துடன் நடக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2014இலும் அந்நாட்டு அரசு இதை மீண்டும் வலியுறுத்தியது.

ஜப்பானில் 1970ஆம் ஆண்டில் மட்டும் 16,765 பேர் வீதி விபத்துகளில் மாண்டார்கள். அந்த ஆண்டில்தான் குறிப்பிட்ட நடைபாதைகளில் சைக்கிளை அனுமதிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. இன்று அங்கே 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும், 70 வயதைக் கடந்தவர்களும், உடல் ஊனமுற்றோரும் நடைபாதையில் ஓட்டலாம். வீதியில் போவது ஆபத்து என்ற தவிர்க்க முடியாத நிலையில் மற்றவர்களும் ஓட்டலாம். ஆனால் வாகனப் பக்கமாக மெதுவாகப் போக வேண்டும். நடப்பவருக்கு இடைஞ்சல் என்றால் நிற்க வேண்டும்.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. 2019 பெப்ரவரியில் அதற்கான வேக எல்லையை மணிக்கு 15 கிலோமீற்றரிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 5 முதல் மின்சார ஸ்கூட்டர்களை நடைபாதையிலிருந்து முற்றாகத் தடுத்தார்கள். ஜெர்மனியில் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. அவர்களுடன் செல்லும் பெரியவருக்கும் 2016 முதல் அனுமதி உண்டு.

நெதர்லாந்து வேறு வழியில் சென்றது. அங்கே 1971இல் 400க்கு மேற்பட்ட சிறுவர்கள் வாகனங்களில் அடிபட்டு இறந்தார்கள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் பிறந்தன. இன்று சைக்கிளுக்கு அந்த நாட்டையே உலகம் உதாரணம் காட்டுகிறது.

இந்த நாடுகளின் அனுபவத்தில் ஒன்று தெளிவாகிறது. நடைபாதையைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்ட இடங்களிலும் அதை உரிமையாகக் கொடுக்கவில்லை, நிபந்தனையுள்ள சலுகையாகவே கொடுத்தார்கள். நடப்பவரே அங்கு முதலாமவர்.

ஓரம் உண்மையில் பாதுகாப்பானதா?

ஓரத்தில் இறங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். நம் ஊர் வேலிகளையும் படலைகளையும் நினைத்துப் பாருங்கள். படலையைத் திறந்து வெளியே வரும் பிள்ளையோ, மோட்டார் சைக்கிளைத் தள்ளி எடுக்கும் வீட்டுக்காரரோ, வேலியோரமாக வரும் சைக்கிளைக் கடைசி நேரத்தில்தான் காண்பார்கள். ஒழுங்கை வந்து சேரும் சந்திகளிலும் திரும்பும் வாகனக்காரர் வீதியைப் பார்க்கிறாரே தவிர ஓரத்தைப் பார்ப்பதில்லை.

காபட் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே பல இடங்களில் படி போன்ற இறக்கம் உண்டு. ஓரத்தில் போய், தடை ஏதும் வந்ததும் சட்டென்று மீண்டும் தாரில் ஏற முயலும்போது முன் சில்லு அந்த விளிம்பில் சறுக்குகிறது. விழுவது வீதியின் பக்கமாக என்றால் விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே நேர்கோட்டில் போகும் சைக்கிளை விட, ஏறி இறங்கி வளைந்து போகும் சைக்கிளே வாகனச் சாரதியை அதிகம் ஏமாற்றுகிறது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெரியவர்கள் வீதியின் இடது ஓரமாக, வெள்ளைக் கோட்டை அண்டி, நேராக ஓட்டுவதே முறை. எதிரே வருவதைப் பார்க்கலாம் என்று வலப்பக்கத்தில் ஓட்டாதீர்கள். நடப்பவர் வாகனத்தை எதிர்நோக்கி நடப்பது நல்லது. ஆனால் சைக்கிளுக்கு அது பொருந்தாது. கனரக வாகனங்கள் நெருங்கி வந்து பயம் ஏற்பட்டால், நின்று இறங்குவதில் வெட்கமில்லை. சன நெரிசலான நடைபாதையில் ஏற வேண்டியிருந்தால் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். இறங்கித் தள்ளுகிற அந்த நிமிடத்தில் நீங்களும் ஒரு பாதசாரியே.

சிறு பிள்ளைகளின் விடயம் வேறு. ஏழெட்டு வயதுப் பிள்ளையை ஏ-32 வீதியின் தாரில் ஓட்டச் சொல்ல எந்தப் பெற்றார்க்கும் மனம் வராது. அவர்கள் ஓரத்தில் ஓட்டட்டும். ஆனால் நடக்கும் வேகத்தில் ஓட்டவும், மணி அடித்து அறிவிக்கவும், ஆள் வந்தால் நின்று வழிவிடவும் பழக்குவது நமது கடமை. பிறேக்கும் மணியும் இல்லாத சைக்கிளில் பிள்ளையை அனுப்பாதீர்கள். மாலையில் ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகளின் சைக்கிளில் முன் விளக்கும் பின்னால் சிவப்பு ஒளிர்ப்பானும் உண்டா என்று இன்றே பாருங்கள். அன்று வானொலி கேட்கப் பயன்பட்ட டைனமோ இன்று விளக்கெரிக்கக்கூட இல்லாமல் போனது கவலைக்குரியது.

வீதிக்கும் உரிமை உண்டு

ஓரம் ஏன் போதவில்லை என்றும் நம்மை நாமே கேட்க வேண்டும். காலபோக அறுவடை முடிந்ததும் வீதியின் அரைவாசியில் நெல் காய்கிறது. விவசாயியின் கஷ்டம் நமக்குத் தெரியும். காய விடக் களம் போதாது, ஈரநெல்லுக்கு விலையும் இல்லை. ஆனால் அந்த நெல்லைச் சுற்றிச் சைக்கிள்காரர் நடு வீதிக்குப் போக வேண்டியிருக்கிறது. கடைக்காரர் பொருட்களை நடைபாதையில் பரப்புகிறார். லொறி ஓரத்தை அடைத்து நிற்கிறது. கட்டாத மாடுகள் இரவில் தாரில் படுத்துக் கிடக்கின்றன. இப்படிப் பறிபோகும் ஓரத்துக்காகத்தான் சைக்கிள்காரரும் பாதசாரியும் தமக்குள் மோதுகிறார்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக எண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றும் அறிவுறுத்தியிருக்கிறார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுவதோடு அப்போதனை முடிந்துவிடுவதில்லை. நாமே பாதையில் ஓர் இடையூறாக ஆகாமல் இருப்பதும் அதனுள் அடங்கும்.

வாகனம் ஓட்டும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கார் போன்ற வாகனங்களுக்கு ஊர்மனைகளுக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பது நம் நாட்டின் பொதுவான எல்லை. அது உச்ச எல்லையே தவிர, அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்ற கட்டளையல்ல. 50இல் மோதும் வாகனத்தின் விசைச் சக்தி 30இல் மோதுவதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மக்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30ஐ எல்லையாக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக மாநாடு கேட்டுக்கொண்டது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒரு மீற்றரும், 60க்கு மேற்பட்ட வேக எல்லையுள்ள வீதியில் ஒன்றரை மீற்றரும் இடைவெளி விடுவது சட்டம். நமக்குச் சட்டம் வரும் வரை மனச்சாட்சியே சட்டமாக இருக்கட்டும். இடம் இல்லையென்றால் சற்றுப் பின்னால் வாருங்கள். பத்து விநாடிதான் தாமதமாகும்.

ஊர்ச் சங்கங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் வாளாவிருக்கலாகாது. பாடசாலை வாசலில் பாதசாரிக் கடவை, சந்திகளில் வேகத் தடை, ஓரத்தை மண் நிரப்பிச் சமப்படுத்துதல், நெல் காயவிடப் பொதுக்களம் ஆகிய நான்கையும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும், பிரதேச சபையிடமும், வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் எழுத்தில் கேளுங்கள். ஒரு பிள்ளையை இழந்த பிறகு மறியல் செய்வதை விட, இழக்கும் முன் ஒரு கடிதம் எழுதுவது மேல்.

நடைபாதை நடப்பவருக்கே உரியது. பயந்து அதில் ஏறுகிற சைக்கிள்காரர் விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரரை வெளியே தள்ளக்கூடாது. ஆனால் அவர் ஏன் ஓடிவந்தார் என்று கேட்டு, அந்தப் பயத்தை வீதியிலிருந்து நீக்குவது நம் எல்லோருடைய பொறுப்புமாகும்.