வாசல் வரைதான் சர்க்கார்!

சத்தியமங்கலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருபவை மூன்று: பண்ணாரி அம்மன், மல்லிகைப் பூ, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள். உள்ளூர்த் தாய்மார்களுக்கு மட்டும் 28-வது வளைவு ஒன்று உண்டு. அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்ட பிள்ளையைச் சோற்றுத் தட்டுப் பக்கம் திருப்புவதுதான் அது!

“ஏங்கண்ணு, அதைக் கீழே வெச்சுப்போட்டு வந்து உண்ணு.”

“இதொண்ணு மட்டுமுங்கம்மா!”

அந்த ‘இதொண்ணு’க்கு முடிவே கிடையாது என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். ஒன்று முடிந்தால் அடுத்ததைத் தானாகவே காட்டுகிற கெட்டிக்காரத்தனம் அந்தக் கருவிக்கு இருக்கிறது. இந்தக் காட்சி சத்தியமங்கலத்துக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோயமுத்தூரிலும் சென்னையிலும் இதே கதைதான்.

பறிமுதல்!

சர்க்கார் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2022 மே மாதத்தில் பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குச் செல்போன் கொண்டு வந்தால் பறிமுதல் செய்யப்படும். திருப்பித் தரப்பட மாட்டாது.

நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. செல்போனால் ஒரு தடவை கவனம் சிதறிய மாணவன் மறுபடியும் பாடத்தில் மனம் ஊன்ற 20 நிமிஷம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோ ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முக்கால் மணி நேரப் பாடத்தில் 20 நிமிஷம் போய்விட்டால் உபாத்தியாயர் எதைத்தான் நடத்தி முடிப்பார்?

வெளிதேசங்களிலும் இதே கவலைதான். பிரான்ஸ் 2018-லேயே சட்டம் போட்டுப் பள்ளிக்கூடங்களில் செல்போனைத் தடுத்தது. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2025 டிசம்பர் 10 முதல், 16 வயது நிரம்பாதவர்கள் அங்கே சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. தவறினால் அபராதம் பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை, கம்பெனிக்குத்தான்! அதே மாதத்தில், அத்தகைய சட்டம் இங்கேயும் வரலாமா என்று மத்திய சர்க்கார் யோசிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருத்துத் தெரிவித்தது.

தில்லி உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் வேறு விதமாகச் சொல்லிற்று. அடியோடு தடுப்பது விரும்பத்தக்கதும் அல்ல, நடைமுறையில் சாத்தியமும் அல்ல. போகிற வருகிற வழியில் பிள்ளையின் பாதுகாப்புக்குப் போன் உதவுகிறது. ஆகவே, முடிந்த இடங்களில் காலையில் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொண்டு போகட்டும். வகுப்பறையில் மட்டும் கண்டிப்பாகக் கூடாது என்றது.

பறிமுதலோ, ஒப்படைப்போ, எதுவானாலும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தின் வசம் பிள்ளை இருப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம். மிச்சம் பதினேழு மணி நேரமும் வீட்டின் வசம். சர்க்கார் உத்தரவு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் யார் உத்தரவு செல்லுபடியாகும்?

படிக்க வந்த பொருள்

இந்த விருந்தாளியை வீட்டுக்கு அழைத்து வந்தது யார் என்பதையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்கு 2021 செப்டம்பர் 1-லும், சின்னக் குழந்தைகளுக்கு நவம்பர் 1-லும் கதவு திறந்தது. இடையில் கல்வித் தொலைக்காட்சி ஒரு பக்கம், செல்போன் வகுப்பு ஒரு பக்கம். கடன் வாங்கியாவது ஒரு போன் வாங்கித் தந்தால்தான் பிள்ளை படிக்கும் என்று நம்பிய குடும்பங்கள் எத்தனையோ. வகுப்புகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டன. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

தங்கி என்ன செய்கிறது? இந்தியக் கிராமங்களைப் பற்றிய 2024-ஆம் வருஷத்து ‘அசர்’ ஆய்வு ஒரு கணக்குத் தருகிறது. 14 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு. அதை உபயோகிக்கத் தெரிந்தவர்களில், அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காகத் தொட்டவர்கள் 57 சதவிகிதம். சமூக வலைத்தளங்களுக்காகத் தொட்டவர்கள் 76 சதவிகிதம்!

தாய்மார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். அது விடியும்வரை காத்திருக்காது. அம்மா இருட்டிலேயே தோட்டத்துக்குப் போகிறாள். அப்பா மில்லுக்கோ, லாரிக்கோ போய்விடுகிறார். பாட்டிக்குக் கண் தெரியவில்லை. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த ஆள் வேண்டாமா? கூலி கேட்காத ஆயாவாக வந்து உட்கார்ந்துவிட்டது செல்போன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. “பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டு வராதே” என்று சொல்கிற பள்ளிக்கூடங்களிலேயே பல, மாலையானால் வீட்டுப் பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. “பாடம் வந்திருக்குதுங்கம்மா, போனைக் குடுங்க” என்று பிள்ளை கேட்டால் எந்தத் தாய் மறுக்க முடியும்? பாடத்துக்காகத் திறந்த கதவு வழியே மற்றதெல்லாம் உள்ளே வந்துவிடுகிறது.

தம்பிக்கு விளையாட்டு, அக்காவுக்குக் காவல்

கட்டுப்பாடு என்று வரும்போது பல வீடுகளில் நடக்கிற ஓர் அநியாயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பையன் நடுராத்திரி வரை சுட்டுத் தள்ளுகிற விளையாட்டில் மூழ்கியிருந்தால், “வயசுப் பையன், அப்படித்தான்” என்கிறோம். பெண் தோழியிடம் கணக்குக்கு விடை கேட்டால், “யாருகிட்ட பேசறே?” என்று பிடுங்கி வைக்கிறோம். அதே ‘அசர்’ ஆய்வின்படி, போன் உபயோகிக்கத் தெரிந்த பையன்களில் சொந்தமாக வைத்திருப்பவர்கள் 36.2 சதவிகிதம், பெண்களில் 26.9 சதவிகிதம்தான்.

பிள்ளையின் தூக்கத்தையும் படிப்பையும் காப்பாற்றுவதுதான் நோக்கமானால், விதி இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பெண்ணுக்கு மட்டும் என்றால் அதற்குப் பெயர் கட்டுப்பாடு அல்ல, சந்தேகம். சந்தேகப்படுகிற வீட்டில், செல்போனில் யாராவது தொல்லை கொடுத்தால்கூடப் பெண் அம்மாவிடம் வந்து சொல்ல மாட்டாள். உள்ள போனும் போய்விடும், பள்ளிக்கூடமும் நின்றுவிடும் என்று பயப்படுவாள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஏழு மணிக்கு ஒரு சங்கு

மகாராஷ்டிரத்தில் சாங்லி ஜில்லாவைச் சேர்ந்த மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 2022 சுதந்திர தினத்தை ஒட்டி ஊர் கூடி முடிவு செய்தார்கள். மாலை ஏழு மணிக்குக் கோவிலிலிருந்து சங்கு ஊதும். உடனே செல்போனும் டெலிவிஷனும் ஓய்வெடுத்துக்கொள்ள வேண்டும். எட்டரை மணிக்கு மறுபடி சங்கு. நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரம் படிப்புக்கும் பேச்சுக்கும். அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓய்வு பெற்ற உபாத்தியாயர்களும் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அந்தச் சங்கு பிள்ளைகளுக்கு மட்டும் ஊதவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே ஊதிற்று. “எல்லாரும் வைத்துவிட்டார்கள்” என்றால் பிள்ளையும் வைத்துவிடும். “நீ மட்டும் வை” என்றால் வைக்குமா?

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

சங்கு இல்லாவிட்டால் போகிறது. சுவர்க் கடிகாரம் இருக்கிறதல்லவா? சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் போன் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரவில் எல்லாப் போன்களும் கூடத்து அலமாரியிலேயே தூங்கட்டும். படுக்கைக்கு வர வேண்டாம். வீட்டுப் பாடச் செய்தியைப் பெரியவர் யாராவது படித்து நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், பிள்ளை போனைத் தொட வேண்டிய அவசியமே இராது. கைக்குழந்தைக்கு வேடிக்கை காட்டிச் சோறூட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

போனை வாங்கி வைத்தால் பிள்ளை சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு வெறி பிடித்தாற்போல் ஆகிறது என்றால் அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். “பிள்ளைங்க பையில் போன் வராமப் பாத்துக்கறோமுங்க, வீட்டுப் பாடத்தை நீங்களும் போனில் அனுப்பாம, கரும்பலகையிலேயே எழுதிப் போடுங்க” என்று தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்க வேண்டியவர்கள் நாம்தான். கேட்கிற இடமும் நமக்கென்றே போட்டு வைத்திருக்கிறது.